மேடைக்கு எதிரே கேமராவை நிறுத்தினால் போதாதா?

கேள்வி இது: "தொலைக்காட்சி வந்த புதிதில் மேடை நாடகங்களைப் பதிவு செய்யாமல் நேரலையாகவே நடித்துக் காட்டினார்களாமே. மேடைக்கு எதிரே கேமராவை நிறுத்தினால் வேலை முடிந்ததுதானே? அதற்கு எதற்குத் தனி ஸ்டுடியோவும் தழுவலும்? அந்த நாடகங்களை இப்போது ஏன் பார்க்க முடிவதில்லை?"

மூன்றுக்கும் விடையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: அன்றைய கேமராவுக்குப் பார்வை மங்கல். மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தவைதான். சபாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்து நாடகம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கிருந்து நடிகரின் முகம் சரியாகத் தெரியாது. ஆனாலும் குரல் வந்து சேரும், நடை தெரியும், யார் யாரைப் பார்த்துத் திரும்புகிறார் என்பது தெரியும். கண் தனக்கு வேண்டியதைத் தானே தேடிப் பிடித்துக்கொள்ளும். அதே இருக்கையில் அந்தக் காலத்துக் கேமரா ஒன்றை உட்கார வைத்திருந்தால், வீட்டில் பெட்டிக்கு முன் இருந்தவருக்குச் சாம்பல் நிறத்தில் ஏதோ எறும்பு ஊர்வதுபோலத்தான் தெரிந்திருக்கும்.

எவ்வளவு மங்கல் என்று சொல்ல வேண்டுமானால் 1928-லிருந்து தொடங்க வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று, அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஷெனெக்டடி நகரில், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் ஒரு நாடகத்தைச் சோதனையாக ஒளிபரப்பியது. கருவிகள் எர்ன்ஸ்ட் அலெக்சாண்டர்சன் என்ற பொறியாளருடையவை. நாடகம், ஜே. ஹார்ட்லி மேனர்ஸ் எழுதிய ‘தி குவீன்ஸ் மெசஞ்சர்’ என்ற ஓரங்க மேடை நாடகம். அதில் பாத்திரங்கள் இரண்டு. நடித்தவர்களோ நான்கு பேர். ஒரு கேமராவால் ஒரு முகத்தை மட்டுமே காட்ட முடிந்தது. ஆகவே ஆணின் முகத்துக்கு ஒரு கேமரா, பெண்ணின் முகத்துக்கு ஒரு கேமரா. கதையில் யாராவது ஒரு பொருளைக் கையில் எடுத்தால்? அதற்கு மூன்றாவது கேமரா. அதன் முன்னால் வேறு இரண்டு பேர் உட்கார்ந்து கைகளை மட்டும் கொடுத்தார்கள். முகம் ஒருவருடையது, கை இன்னொருவருடையது. இயக்குநர் மார்ட்டிமர் ஸ்டீவர்ட் ஒரு சிறு பெட்டியின் குமிழ்களைத் திருப்பி, எப்போது முகம், எப்போது கை என்று தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். பார்த்தவர்களுக்குக் கிடைத்த படத்தின் அகலம் ஏறக்குறைய மூன்று அங்குலம். ஒலி தனியாக வானொலி வழியே வந்தது.

இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. பின்னால் வந்த எல்லாத் தொலைக்காட்சி நாடகங்களின் இலக்கணமும் இந்தக் கூத்திலேயே இருக்கிறது: ஒரு முகம், இன்னொரு முகம், நடுவில் ஒரு கை.

இரண்டு ஆண்டு கழித்து லண்டனில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1930 ஜூலை 14. தொலைக்காட்சி முன்னோடி ஜான் லோகி பெயர்டின் லாங் ஏக்கர் ஸ்டுடியோவிலிருந்து, பிபிசியுடன் சேர்ந்து, இத்தாலிய நாடகாசிரியர் லூயிஜி பிராந்தெல்லோவின் ‘வாயில் பூவுடன் ஒரு மனிதன்’ ஒளிபரப்பானது. பிரிட்டனின் முதல் தொலைக்காட்சி நாடகம் அது. தயாரித்தவர் லான்ஸ் சீவ்கிங், வானொலி நாடகத்தில் கை தேர்ந்தவர். படம் முப்பதே கோடுகளால் ஆனது; நெட்டுக்குத்தாக நிற்கும்; விநாடிக்குப் பன்னிரண்டரைப் படம்தான் வரும். நடிகர் இருட்டில் உட்கார்ந்திருக்க, ஓர் ஒளிப்புள்ளி அவர் முகத்தின் மேல் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். கண்ணும் மூக்கும் துலங்க வேண்டும் என்பதற்காக முகத்தில் அழுத்தமான ஒப்பனைக் கோடுகள். ஒரு சமயத்தில் ஒரு தலைதான் திரைக்குள் அடங்கும். அடுத்தவர் பேச வேண்டுமென்றால் என்ன செய்வது? கட்டம் போட்ட பலகை ஒன்றை ஒருவர் நடிகருக்கு முன்னால் நகர்த்தி மறைப்பார். பலகைக்குப் பின்னால் இவர் எழுந்து நகர, அவர் வந்து உட்காருவார். பலகை விலகும். அவ்வளவுதான் காட்சி மாற்றம்.

பின்னணிக்கான சித்திரங்களை சி. ஆர். டபிள்யூ. நெவின்சன் வரைந்து கொடுத்திருந்தார். முதல் உலகப் போரைத் தீட்டிப் பேர் வாங்கிய ஓவியர், முப்பது கோட்டுக்குள் அடங்கும்படி எளிய கோடுகளில் வரைய வேண்டியிருந்தது.

சீவ்கிங்கின் கெட்டிக்காரத்தனம் நாடகத்தைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. நள்ளிரவில் ஒரு காப்பிக்கடை. ரயிலைத் தவறவிட்ட ஒருவரிடம் இன்னொருவர் பேசிக்கொண்டே இருக்கிறார். அவர் உதட்டில் புற்றுநோய். அதுதான் அந்தப் பூ. சாகப்போகிறவர், கடைப்பையன் பொட்டலம் கட்டும் அழகைப் போன்ற சின்னச் சின்ன விஷயங்களைப் பற்றிக்கொண்டு பேசுகிறார். மேடையில் இதை நடத்துவது கடினம். ஒருவர் உட்கார்ந்து பேசுகிறார், இன்னொருவர் கேட்கிறார், வேறு அசைவே இல்லை. முகத்தைத் தவிர எதையும் காட்டத் தெரியாத கருவிக்கோ இதைவிடப் பொருத்தமான நாடகம் கிடைக்காது. மேடையில் குறையாக இருந்தது இங்கே நிறையாகிவிட்டது. நல்ல தழுவலாளர்கள் எல்லாரும் பின்னால் செய்தது இதைத்தான். தழுவல் என்றால் வசனத்தை வெட்டிச் சுருக்குவது என்று நினைக்கிறோம். அதில் பாதி வேலை, கேமராவின் பலவீனத்துக்கு ஏற்ற நாடகத்தைக் கண்டுபிடிப்பதிலேயே முடிந்துவிடுகிறது.

1936 நவம்பர் 2 அன்று பிபிசி வடக்கு லண்டனின் அலெக்சாண்ட்ரா மாளிகையிலிருந்து முறையான சேவையைத் தொடங்கியது. சில மாதங்களில் பெயர்டின் முறை கைவிடப்பட்டு, மார்க்கோனி-இஎம்ஐயின் 405 கோட்டுப் படம் நிலைத்தது. முப்பதிலிருந்து நானூற்றைந்து என்றால் குருடனுக்குக் கண் கிடைத்த மாதிரிதான். இருந்தாலும் வெள்ளெழுத்துக் கண். எமிட்ரான் என்ற அந்தக் கேமராவின் நோக்காடியில் படம் தலைகீழாகத் தெரியும். கேமராக்காரர் தலைகீழ் உலகத்தைப் பார்த்தே நடிகரைத் தொடர வேண்டும். கொஞ்சம் முன்னால் பின்னால் நகர்ந்தாலும் உருவம் மங்கிவிடும். ஒளி ஏராளமாக வேண்டும், அதனால் வெக்கை. ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று தாவவும் வழியில்லை. ஒரு படம் மெல்ல மங்க, அடுத்தது மெல்ல எழும். கோபமான வாக்குவாதத்தில் பதிலடி கொடுப்பவரின் முகம் நிதானமாக எழுந்து வருவதை நினைத்துப் பாருங்கள். அதனால் இருவரையும் ஒரே சட்டத்துக்குள் நெருக்கமாக நிற்க வைத்துவிடுவார்கள். மேடையில் யாரும் அப்படி மூச்சுக்காற்று படும் தூரத்தில் நின்று சண்டை போடமாட்டார்கள்.

இந்தக் கருவிகளை வைத்துக்கொண்டு 1937 நவம்பர் 11, போர் நிறுத்த நினைவு நாளன்று, ஜார்ஜ் மோர் ஓ'ஃபெரல் ‘ஜர்னீஸ் எண்ட்’ நாடகத்தைக் காட்டினார். ஆர். சி. ஷெரிஃப் எழுதி லண்டன் மேடையில் பெரும் வெற்றி பெற்றிருந்த நாடகம். 1918-ல் பிரெஞ்சுப் போர்முனையில், பதுங்குகுழி ஒன்றுக்குள், ஜெர்மானியத் தாக்குதலுக்காகக் காத்திருக்கும் அதிகாரிகள். அவர்களின் தலைவர் ஸ்டான்ஹோப்பாக ரெஜினால்ட் டேட் நடித்தார். இங்கும் அதே கெட்டிக்காரத்தனம்தான்: தாழ்ந்த கூரை, மெழுகுவத்தி, நெருக்கமாக உட்கார்ந்த ஆட்கள். சின்ன ஸ்டுடியோ என்பதே பதுங்குகுழியின் மூச்சுமுட்டலாக மாறிவிட்டது. வெளியே நடக்கும் போரை இடையிடையே திரைப்படத் துண்டுகளாகச் சேர்த்தார்கள். அந்தத் துண்டுகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. படச்சுருள் ஓடும் நேரத்தில்தான் நடிகர்கள் ஒரு செட்டிலிருந்து இன்னொரு செட்டுக்கு ஓடுவார்கள், சட்டை மாற்றுவார்கள், கேமராக்காரர்கள் கேபிளை இழுத்துக்கொண்டு இடம் பெயர்வார்கள். நேரலை நாடகத்தில் கடலலை, ரயில், மாடிப்படி என்று எதையாவது சம்பந்தமில்லாமல் காட்டினால், யாரோ கால்சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

மேடைக்கு எதிரே கேமராவை நிறுத்தியதும் நடந்தது. 1938 நவம்பர் 16 அன்று ஜே. பி. பிரீஸ்ட்லியின் ‘வென் வீ ஆர் மேரீட்’ என்ற நகைச்சுவை நாடகத்தை லண்டனின் செயின்ட் மார்ட்டின்ஸ் அரங்கிலிருந்தே முழுவதுமாக ஒளிபரப்பினார்கள். அரங்கிலிருந்து ஒரு நாடகம் முழுமையாக வந்தது அதுவே முதல் முறை. அதில் கிடைத்தது நாடகத்தைவிட ஒரு மாலை நேரத்து அனுபவம்: கூட்டத்தின் சிரிப்பு, கைதட்டல், நடிகர்கள் சிரிப்பு அடங்கக் காத்திருப்பது. நகைச்சுவைக்கு அது பொருந்தும். துயர நாடகத்தில், மாடி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்துகிறவர் வீட்டுக் கூடத்தில் வந்து நின்று கத்துவதுபோல ஆகிவிடும். ஸ்டுடியோ வேண்டியிருந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். கேட்பவர் மூன்றடி தூரத்தில் இருக்கிறார் என்று நம்பிப் பேச ஓர் இடம் வேண்டும்.

இப்போது நேரலை நடக்கும் அறைக்குள் வருவோம். வசனம் மறந்துவிட்டால்? நான் இளைஞனாக இருந்தபோது அமெச்சூர் நாடகக் குழு ஒன்றில் பக்கத் தட்டிக்குப் பின்னால் நின்று பிராம்ப்ட் கொடுத்தவன். நான் சொல்லும் வரி நடிகருக்குக் கேட்கிறதோ இல்லையோ, முதல் இரண்டு வரிசைக்கு நன்றாகக் கேட்கும். அவர்கள் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். பிபிசியில் இதற்கு ஓர் அருமையான வழி வைத்திருந்தார்கள். தளத்தில் பிரதியோடு நிற்கும் உதவியாளரின் கையில் ஒரு பொத்தான். நடிகர் விழிக்கிறார் என்று தெரிந்ததும் அதை அழுத்துவார். ஸ்டுடியோவின் ஒலி முழுவதும் அறுந்துவிடும். உரக்கவே வரியைச் சொல்லிவிட்டுப் பொத்தானை விடுவார். வீட்டில் இருப்பவருக்கு ஓரிரு விநாடி மௌனம். பெட்டியில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார். எத்தனை வீடுகளில் பழுதே இல்லாத பெட்டிகளைத் தட்டிப் பார்த்திருப்பார்களோ!

மேடைப் பழக்கங்கள் சில அப்படியே கூட வந்தன. பிபிசி நாடகங்களில் அங்கத்துக்கு அங்கம் இடைவேளை விட்டார்கள். நடிகர்கள் மூச்சு வாங்க வேண்டுமே. ஐம்பதுகளில் அந்த நேரத்தில் காட்டிய குறும்படங்களில் ஒன்று, குயவர் சக்கரத்தில் மண்ணை வனைந்துகொண்டே இருப்பார், பானை முடியவே முடியாது. நாடகத்தை மறந்தவர்களுக்கும் அந்தச் சக்கரம் நினைவிருக்கிறது.

இன்னொரு பழக்கம் இன்றைய வாசகருக்கு நம்பக் கடினமானது. ஞாயிறு இரவு ஒளிபரப்பான நாடகத்தை வியாழன் அன்று மறு ஒளிபரப்பு செய்தார்கள் என்று படித்திருப்பீர்கள். மறு ஒளிபரப்பு என்றால் அதே நடிகர்கள் திரும்பவும் வந்து, ஒப்பனை போட்டு, முழு நாடகத்தையும் முதலிலிருந்து நடிப்பது. நாடகக்காரர்களுக்கு இது இயல்பாகவே தோன்றியது. நேற்று நடித்தோம், இன்றும் நடிக்கிறோம். 1954 டிசம்பரில் ருடால்ஃப் கார்ட்டியர் இயக்கிய ‘1984’ (நாவலிலிருந்து எடுத்தது, மேடையிலிருந்து அல்ல) 12-ஆம் தேதி ஞாயிறன்று ஒளிபரப்பாகிப் பெரும் சர்ச்சை கிளப்பியது. 16-ஆம் தேதி வியாழனன்று பீட்டர் குஷிங்கும் மற்றவர்களும் மீண்டும் நடித்தார்கள். இன்று நமக்குக் கிடைப்பது அந்த வியாழக்கிழமைதான். ஊரைக் கிளப்பிய ஞாயிற்றுக்கிழமையை யாராலும் பார்க்க முடியாது.

அமெரிக்காவில் கதை வேறு விதமாகத் திரும்பியது, அதற்குக் காரணம் பாலாடைக்கட்டியும் வக்கீல்களும். 1947 மே 7 அன்று என்பிசி தொலைக்காட்சியில் ‘கிராஃப்ட் டெலிவிஷன் தியேட்டர்’ தொடங்கியது. முதல் நாடகம் ‘டபுள் டோர்’, பிராட்வே மேடையில் ஓடியது. பணம் கொடுத்தது கிராஃப்ட் உணவு நிறுவனம். விளம்பரமும் நேரலைதான்: ஒரு குரல் செய்முறை சொல்ல, முகம் தெரியாத இரண்டு கைகள் பாலாடைக்கட்டியில் பலகாரம் செய்து காட்டும். ஷெனெக்டடியின் கைகள் மறுபடி வந்துவிட்டன. 1948 அக்டோபர் 3-ல் ஃபில்கோ நிறுவனத்தின் நாடக வரிசை, காஃப்மனும் எட்னா ஃபெர்பரும் எழுதிய ‘டின்னர் அட் எய்ட்’ நாடகத்தோடு தொடங்கியது.

இரண்டரை மணி நேர நாடகத்தை விளம்பரம் போக ஒரு மணிக்கும் குறைவான நேரத்தில் அடைக்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய தலைவலி உரிமை. புகழ்பெற்ற நாடகங்களின் படமாக்கும் உரிமையை ஹாலிவுட் நிறுவனங்கள் முன்பே வாங்கி வைத்திருந்தன. தொலைக்காட்சியும் அதில் அடக்கம் என்று மல்லுக்கு நின்றன. ஃபில்கோ வரிசையைத் தயாரித்த ஃப்ரெட் கோ, அடுத்த ஆண்டு நாவல்களுக்குத் தாவினார். அதுவும் போதாமல், பேர் தெரியாத இளைஞர்களிடம் புதிதாக எழுதச் சொன்னார். அப்படி வந்தவர்களில் ஒருவர் பாடி சயெஃப்ஸ்கி. 1953 மே 24-ல் அவருடைய ‘மார்ட்டி’ ஒளிபரப்பானது, கல்யாணமாகாத கசாப்புக்கடைக்காரர் ஒருவரின் கதை. மேடை நாடகம் கிடைக்காததால் பிறந்த எழுத்து, மேடை நாடகத்தைவிடத் தொலைக்காட்சிக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது. நான் கேள்விப்பட்ட வரையில் கலைக்கு வக்கீல்கள் செய்த பேருதவி இது ஒன்றுதான்.

போக்குவரத்தும் தலைகீழானது. ரெஜினால்ட் ரோஸின் ‘ட்வெல்வ் ஆங்ரி மென்’ மேடையிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘ஸ்டுடியோ ஒன்’ வரிசைக்காக எழுதப்பட்டு, 1954 செப்டம்பர் 20-ல் நேரலையாக ஒளிபரப்பானது. திரைப்படமும் மேடை வடிவமும் அதற்குப் பிறகு. பன்னிரண்டு ஆண்கள், பூட்டிய ஓர் அறை, ஒரு மேசை. பதுங்குகுழியின் பேரன் என்று சொல்லலாம்.

அரங்க முதலாளிகளின் அச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டிலேயே நாடகம் வந்துவிட்டால் டிக்கெட் யார் வாங்குவார்கள் என்று லண்டனில் வெகுநாள் முரண்டு பிடித்தார்கள். 1956 மே மாதம் ராயல் கோர்ட் அரங்கில் ஜான் ஆஸ்போர்னின் ‘லுக் பேக் இன் ஆங்கர்’ அரங்கேறியது. பேச்சு பலமாக இருந்ததே தவிர வசூல் சுமார்தான். அக்டோபர் 16 அன்று பிபிசி அதிலிருந்து அரை மணிக்கும் குறைவான ஒரு பகுதியைக் காட்டியது. அதற்குப் பிறகு கூட்டம் தாங்கவில்லை. அதுவரை அரங்கப் பக்கமே வராத இளைஞர்கள் வந்து நின்றார்கள். முழுவதையும் காட்டியிருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்பது என் சந்தேகம்.

நேரலை என்றால் அதிகபட்சமாக என்ன நேரலாம் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம். பிரிட்டனின் வணிகத் தொலைக்காட்சியில் ‘ஆர்ம்சேர் தியேட்டர்’ என்ற வரிசை, 1956 ஜூலையில் டோரதி பிராண்டனின் ‘தி அவுட்சைடர்’ என்ற பழைய மேடை நாடகத்தோடு தொடங்கியது. 1958-ல் கனடாவிலிருந்து வந்த சிட்னி நியூமன் பொறுப்பேற்று, புதிய எழுத்தின் பக்கம் அதைத் திருப்பினார். அந்த ஆண்டு நவம்பர் 30, ஞாயிறு இரவு, மான்செஸ்டரின் டிட்ஸ்பரி ஸ்டுடியோவிலிருந்து ‘அண்டர்கிரவுண்ட்’ போய்க்கொண்டிருந்தது. அணுகுண்டுக்குப் பின் சுரங்க ரயில் பாதையில் சிக்கிக்கொண்டவர்களின் கதை. காரெத் ஜோன்ஸ் என்ற 33 வயது நடிகர் இரண்டு காட்சிகளுக்கு நடுவே மாரடைப்பில் சரிந்தார், அங்கேயே இறந்துபோனார். சுரங்கத்தில் அவருடைய வருகைக்காகக் காத்து நின்றவர்களுக்கு அவர் ஏன் வரவில்லை என்று தெரியாது. இல்லாதவரின் வசனங்களைத் தங்களுக்குள் பங்கு போட்டுப் பேசிச் சமாளித்தார்கள். விளம்பர இடைவேளையில் இயக்குநர் டெட் கோட்செஃப் மிச்சக் கதையை அவர் இல்லாமல் நகர்த்த வழி செய்தார். நாடகம் கடைசிவரை போனது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்: ஏன் பார்க்க முடியவில்லை? ஒளிநாடா அப்போது கிடையாது. ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் நாடாப் பதிவுக் கருவி 1956-ல்தான் வந்தது. அதுவரை இருந்த ஒரே வழி, திரையில் ஓடும் படத்தை அதன் எதிரே ஒரு திரைப்படக் கேமராவை நிறுத்திப் பிடிப்பது. மங்கலான கண்ணை இன்னொரு கண்ணால் பார்ப்பது என்றால் எப்படி இருக்கும்? 1953 கோடையில் பிபிசி ‘தி க்வாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்’ என்ற தொடரின் முதல் இரண்டு பகுதிகளை இப்படிப் பதிவு செய்து பார்த்தது. இரண்டாம் பகுதியில் பதிவுத் திரையின் மேல் ஒரு பூச்சி வந்து உட்கார்ந்துகொண்டு வெகு நேரம் நகரவே இல்லை. தரம் பிடிக்காமல் மற்ற நான்கு பகுதிகளையும் பதிவு செய்யாமலே விட்டுவிட்டார்கள். அந்தப் பூச்சி இன்றும் இருக்கிறது, நான்கு பகுதிகள் இல்லை. நடிகர் சங்கமும் பதிவை விரும்பவில்லை. ஒருமுறை பதிந்துவிட்டால் வியாழக்கிழமை சம்பளம் போய்விடுமே. அமெரிக்காவில் மேற்குக் கரைக்கு அனுப்ப வேண்டிய கட்டாயத்தால் இத்தகைய படச்சுருள்கள் நிறையவே உருவாயின. அதனால்தான் ‘மார்ட்டி’யைப் பார்க்க முடிகிறது, ‘ஜர்னீஸ் எண்ட்’டைப் பார்க்க முடியவில்லை.

1930-ன் பிராந்தெல்லோ நாடகத்துக்கு மட்டும் ஒரு மறுபிறவி கிடைத்தது. பில் எலியட் என்ற பொறியாளர் 1967-ல் முப்பது கோட்டுக் கருவியைத் திரும்பக் கட்டி அதை மறுபடி படமாக்கினார். நடித்தவர்கள் மாணவர்கள். நெவின்சனின் பழைய சித்திரங்களே பின்னணியில். தயாரிப்பாளர் நாற்காலியில் வயோதிகரான சீவ்கிங். முதல் முறை ஒலித்த அதே இசைத்தட்டும் கூட வந்திருந்தது. இணையத்தில் தேடினால் கிடைக்கும். ஆரஞ்சு நிறத்தில் நடுங்கும் ஒரு முகம், உதட்டருகே ஒரு நிழல், அப்புறம் கட்டம் போட்ட பலகை. கண்ணைச் சற்றே சுருக்கிக்கொண்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். அப்போதுதான் முகம் தெளிவாகத் தெரியும்.